வீட்டருகே ஒரு பனிச்சரிவு

தைப்பொங்கலன்று பால் பொங்கிற்றா என்று ஊரிலிருந்து கேட்கும் உறவினர்க்குச் சிம்லாவிலிருந்து நாங்கள் தரும் மறுமொழி ஆண்டுதோறும் ஒன்றுதான்: பால் பொங்கிற்று; ஆனால் சர்க்கரைப் பொங்கலை இலையில் பரிமாறு முன்னரே நெய் உறைந்துவிட்டது. தேங்காயெண்ணெய்ப் புட்டியோ ஐப்பசியில் கல்லாகிப் பங்குனி வரை கல்லாகவே இருக்கும். இவற்றைக் குறையாகக் கூறுகின்றோம் என்று அன்பர்கள் எண்ணவேண்டா. இக்குளிரே எங்கள் வீட்டுப் பிள்ளைகட்கு ஒரு விளையாட்டைத் தந்தது. அவ்விளையாட்டு எங்களையும் இம்மலையோடு பிணைத்தது. அதனைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம்.

பனிச்சறுக்கு என்றவுடன் நம்மவர்க்கு நினைவில் எழுவது சுவிட்சர்லாந்து. அல்லது திரைப்படத்தில் பாட்டுக்காகத் தோன்றும் ஏதோ ஒரு வெள்ளை மலை. வடபுலத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, பனி விழும் மலையிலிருந்து ஓரிரவுப் பேருந்துப் பயணத்தொலைவிலேயே இருக்கின்றன. எனினும் நாம் பனியைக் காணச் செல்வதே வழக்கம். அதன்மேல் நடக்கச் செல்வதில்லை. வண்டியை விட்டு இறங்கி, ஒருவர்மேல் ஒருவர் ஓர் உருண்டை எறிந்து, படம் எடுத்துக்கொண்டு, மூக்கு சிவந்தவுடன் வண்டிக்குத் திரும்பிவிடுகிறோம். சிம்லாவிலேயே குடியிருந்த நாங்களும் முதல் ஆறு குளிர்காலங்களை இவ்வாறே கழித்தோம்.

ஒருவேளை நம் மொழி வழக்கும் இதற்கு ஒரு காரணமாகலாம். புல்நுனியில் நிற்கும் துளியும் பனிதான். மார்கழி விடியலில் கண்ணை மறைக்கும் மூட்டமும் பனிதான். இமயத்தின் தலையில் இருப்பதும் பனிதான். இந்திக்காரர் முதலாவதை ‘ஓஸ்’ என்றும், புல்லைக் கருக்கும் உறைபனியைப் ‘பாலா’ என்றும், வானிலிருந்து விழுவதைப் ‘பர்ஃப்’ என்றும் வேறு பிரித்து வழங்குவர். நாமோ முன்பனி, பின்பனி என இரு பருவங்களுக்கே பெயரிட்டும், காலில் மிதிபடும் பனியை அறியாமலே வாழ்ந்தோம். அதில் நம் பிழை ஒன்றுமில்லை. சிம்லாவின் உயரம் ஏறத்தாழ 2,200 மீட்டர்; நம் உதகமண்டலத்தின் உயரமும் ஏறத்தாழ அதுவே. உதகையில் மார்கழி, தை விடியலில் உறைபனி படியும். கதிரவன் எழுந்தவுடன் மறையும். சிம்லாவிலோ வெண்பனி முழங்காலளவு விழுவதுண்டு. ஏனெனில் உதகை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 11 பாகையில் உள்ளது. சிம்லா 31 பாகையில். அதனோடு, நடுநிலக்கடற் பக்கத்தே தோன்றி, ஈரானையும் ஆப்கானிசுத்தானத்தையும் கடந்து வரும் மேற்குக் காற்றழுத்தக் குலைவுகளே இங்குக் குளிர்கால மழையையும் பனியையும் கொணர்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலை நோக்கி நம் ஊரார் விழி வைத்திருப்பது போல, மார்கழியிலும் தையிலும் இம்மலைவாழ் மக்கள் மேற்குத் திசையை நோக்கியிருக்கின்றனர்.

நாங்கள் சிம்லாவிற்கு வந்தது 2004-ஆம் ஆண்டு. நடுவணரசு அலுவலகம் ஒன்றில் பணி. மூத்தவளுக்கு அப்பொழுது நான்கு வயது. இளையவன் 2008-இல் இங்கேயே பிறந்தான். இங்குள்ள பள்ளிகளுக்கு நம் பக்கத்தைப் போலக் கோடையில் நீண்ட விடுமுறை இல்லை. குளிர்காலத்திலேயே நீண்ட விடுமுறை. அவ்விடுமுறை முழுவதும் பிள்ளைகள் மின் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். 2010-ஆம் ஆண்டு தை மாதத்தில், கீழ்வீட்டு மலைக்குடும்பத்தின் பிள்ளைகள் குஃப்ரிக்குச் சறுக்கச் செல்வதைக் கண்டு, மூத்தவளும் போகவேண்டும் என்றாள். “விழுந்தால் எலும்பு முறியும்” என்றோம். “அவர்களுக்கு முறியவில்லையே” என்றாள். ஒன்பது வயதுப் பெண்ணிடம் தோற்றுப்போன பின், தனியே அனுப்ப மனமின்றி நாங்களும் உடன் சென்றோம்.

குஃப்ரி, சிம்லாவிலிருந்து பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். இப்பெயர் நம் இல்லத்தரசியர் பலர்க்கு அறியாமலே பழக்கமானது. சிம்லாவிலுள்ள நடுவண் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் தான் உருவாக்கும் வகைகளுக்கெல்லாம் இவ்வூரின் பெயரையே முன்னொட்டாக வைக்கிறது. 1968-இல் வெளிவந்த ‘குஃப்ரி ஜோதி’ நீலகிரியிலும் பெருவாரியாகப் பயிராயிற்று. 1985-இல் வெளிவந்த ‘குஃப்ரி சுவர்ணா’ நீலகிரியின் நூற்புழுவை எதிர்க்கவென்றே ஆக்கப்பட்டது. ஆகவே கோவையில் மசால் தோசைக்குள் சென்ற கிழங்கிற்குச் சிம்லாவிற்கு அப்பாலுள்ள ஒரு மலைமேட்டின் பெயர் வாய்த்திருக்கக்கூடும். நிற்க.

குஃப்ரியின் மேலே மகாசு என்னும் மலைமுகடு. அதன் ஒரு பக்கத்தில், தேவதாரு மரங்களுக்கிடையே ஒரு சிறு சரிவு. நம் ஊர்ப் பெரிய கோயிலின் வெளிப்பிராகாரத்தைச் சற்றே சாய்த்து வைத்தாற் போன்ற அளவு; அதற்குமேல் இராது. எங்களுக்குக் கற்பிக்க வந்தவர் நார்கண்டாப் பக்கத்து இளைஞர். ஆப்பிள் தோட்டத்துப் பிள்ளை. குளிர்காலத்தில் சறுக்கு ஆசிரியர். பிள்ளைகள் அவரை ‘பாயிஜி’ என்று அழைத்தனர். நாங்களும் அவ்வாறே அழைக்கலானோம்.

முதல் நாள் அவர் எங்களைச் சறுக்கவே விடவில்லை. ஸ்கீ எனப்படும் அந்நீண்ட பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, சமதரையில் நடக்கச் செய்தார். பிறகு, சரிவிற்குக் குறுக்காக நின்று, பலகையின் ஓரத்தைப் பனியில் கடித்து ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக மேலேறச் செய்தார். பிறகு விழச் செய்தார். ஆம், விழுவதற்கே ஒரு பாடம்! முன்னாலும் விழலாகாது, பின்னாலும் விழலாகாது. பக்கவாட்டில், இடுப்பும் தொடையும் பனியில் படுமாறு, உட்காருவதுபோல விழவேண்டும். விழுந்தபின் எழுவது அதனினும் பெரிய கலை. ஒரு குடம் நீரைக் கவிழ்த்தால் அது எவ்வழியே ஓடுமோ அவ்வழிக்குக் குறுக்காகப் பலகைகளைத் திருப்பி வைத்துக்கொண்டால்தான் எழ முடியும். நீர் ஓடும் வழியிலேயே பலகைகள் கிடந்தால், எழுந்த அக்கணமே நாம் கேளாமலே பயணம் தொடங்கிவிடும். இதனை நாங்கள் ஐந்தாறு முறை சோதித்து உறுதி செய்துகொண்டோம்.

இரண்டாம் நாள்தான் நிற்கக் கற்பித்தார். ஓடக் கற்பிக்குமுன் நிற்கக் கற்பிப்பது எத்தனை அறிவுடைமை! பலகைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பகுதிகளை அகற்றி, கலப்பையின் கொழுவைப் போல முன்னே கூராக்கிக்கொள்ள வேண்டும். உட்புற ஓரங்கள் பனியை உழும், வேகம் தணியும். வலக்காலை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும். இடக்காலை அழுத்தினால் வலப்பக்கம். ‘எங்குச் செல்ல விரும்புகிறாயோ அதற்கு எதிர்க்காலை நம்பு’ என்பது பாயிஜியின் வாய்பாடு. இன்னொன்றும் சொன்னார். அச்சம் வந்தவுடன் மனிதன் பின்னால் சாய்கிறான். பின்னால் சாய்ந்தால் முன்நுனிகள் பனியின் பிடியை இழக்கின்றன. திருப்ப முடியாமற் போகிறது. ஆதலின் பயம் மிகும்பொழுதுதான் பள்ளத்தை நோக்கி முன்சாய வேண்டும். எங்கள் மூளை இதனை உடனே ஒப்புக்கொண்டது. முழங்கால்கள் ஒப்புக்கொள்ள மூன்று நாளாயின. மூத்தவளோ முதல் நாள் மாலையே முன்சாய்ந்துவிட்டாள். பிள்ளைகளுக்குத் தரை அருகில் இருக்கிறது, விழுவதற்கு அஞ்சுவதில்லை.

அச்சரிவில் எங்களை மேலே இழுத்துச் செல்லும் இயந்திரம் ஏதும் இல்லை. கீழே வந்தவர், பலகைகளைத் தோளில் ஏந்தியோ, பக்கவாட்டில் ஏறியோ தம் காலாலேயே உச்சிக்குச் செல்லவேண்டும். பதினைந்து நிமிடம் ஏறினால் அரை நிமிடம் சறுக்கலாம். நாள் முழுவதும் முயன்றாலும் பத்துப் பன்னிரண்டு தடவைக்குமேல் இயலாது. முதலில் இதனை ஒரு குறை என்றே எண்ணினோம். பின்னர்த்தான் தெளிவு பிறந்தது. பதினைந்து நிமிடம் மூச்சிரைக்க ஏறுபவன், இறங்கப்போகும் வழியின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் காலால் அறிந்துகொண்டே ஏறுகிறான். எங்கே பனி தூளாக இருக்கிறது, எங்கே கண்ணாடி போல் இறுகியிருக்கிறது என்பதெல்லாம் மனத்தில் பதிந்துவிடுகின்றன. அன்றியும், அத்தனை உழைத்துப் பெற்ற அரை நிமிடத்தை எவனும் வீணாக்குவதில்லை.

பனியின் வகைகளை இல்லத்தரசியர்க்குச் சொல்வது எளிது. இரவு விழுந்து காலையில் கிடப்பது, சலித்த இடியாப்ப மாவு; கையில் பிடித்தால் பிடிபடாது. நண்பகல் வெயிலில் அது பிசைந்த மாவாகிறது. மாலையில் மீண்டும் இறுகி அப்பளம் போல மேலே ஓர் ஓடு கட்டிக்கொள்கிறது. அதன்மேல் கால் வைத்தால் நொறுங்கும். மாசி முடிவில், பகலில் உருகி இரவில் உறைந்து பல நாள் ஆனபின், வறுத்த ரவையைப் போல மணிமணியாய் உதிரும். காலை பத்து மணிக்கு மேல் சிறிது இளகிய ரவைப்பனியே கற்போர்க்கு மிகவும் உகந்தது என்பது எங்கள் கருத்து. இளைஞர்கள் மாவுப்பனியை விரும்புவார்கள். அது அவர்கள் பாடு.

உடை பற்றி ஒரு சொல் கூறவேண்டும். ஏனெனில் நம் தாய்மார்கள் இங்குத்தான் தவறுகின்றனர். உள்ளே பருத்திப் பனியன், அதன்மேல் எத்தனை கம்பளி போட்டாலும் பயனில்லை. மேலேறும்போது வியர்க்கிறது, பருத்தி அவ்வீரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, நின்றவுடன் அவ்வீரமே உடலைக் குளிர்விக்கிறது. உடலையொட்டி மெல்லிய கம்பளி அணிக. காலுறை இரண்டு இணை வேண்டா, ஒன்றே போதும், இரண்டு போட்டால் காலணி இறுகி இரத்த ஓட்டம் குறைந்து கால் விறைக்கும். வெயில் காயும் நாளில் கறுப்புக் கண்ணாடி இன்றிப் பனியில் நிற்பது கண்ணுக்குத் தீங்கு. மணலில் சுடுவதைவிட இங்கு ஒளி மிகுதியாய்த் திரும்பி வந்து அடிக்கிறது. கட்டுச்சோறாக முதன்முறை எலுமிச்சைச் சோறு கொண்டு சென்றோம். திறந்து பார்க்கையில் பருக்கை ஒவ்வொன்றும் சரளைக் கல்லாய் இருந்தது. அன்று எங்களைக் காத்தது மலைக்காரர் தந்த ‘சித்து’. புளித்த கோதுமை மாவினுள் பருப்போ கசகசாவோ வைத்து ஆவியில் வேகவைத்து, நெய் ஊற்றித் தருவார்கள். கொழுக்கட்டைக்குப் பெரியப்பா என்று மூத்தவள் பெயரிட்டாள்.

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதினால் உண்மையாகாது. அவ்வாண்டு மாசியில், எங்கள் இருவருள் ஒருவர் (அவர் யாரென்பதை வீட்டின் அமைதி கருதி மறைத்துவிடுகின்றோம்) ஆசிரியர் இல்லாத நாளில், வாடகைக்கு எடுத்த பலகைகளோடு மேலிருந்து இறங்கினார். விழும்போது காலணியைப் பலகையினின்று விடுவிக்க வேண்டிய பூட்டு விடுவிக்கவில்லை. பலகை ஒரு பக்கமும் உடல் மறுபக்கமும் திரும்ப, இடையிலிருந்த முழங்கால் அவ்விரண்டிற்கும் விடை சொல்லவேண்டியதாயிற்று. எலும்பு முறியவில்லை; தசைநார் பிசகி ஆறு வாரம் கட்டோடு கிடக்க நேர்ந்தது. அப்பூட்டை ஆளின் எடைக்கும் திறமைக்கும் ஏற்பத் திருகி அமைக்கவேண்டும் என்பதை அன்றுவரை நாங்கள் அறியோம், கேட்கவும் இல்லை. வாடகைக்கு எடுக்கும் அன்பர்கள் தம் எடையைக் கூச்சமின்றிச் சொல்லி, பூட்டைத் தம் கண்முன்னே சரிசெய்யச் சொல்லுக. ஊரிலிருந்து வந்த கடிதங்களையும் தொலைபேசிகளையும் பற்றிக் கூறவேண்டியதில்லை. ‘பிழைக்கப் போன இடத்தில் பிள்ளை விளையாட்டா?’ என்பதே அவை அனைத்தின் சாரம். அக்கேள்வி எங்களை உறுத்தியது. அடுத்த ஆண்டு குளிர்காலம் முழுவதும் நாங்கள் குஃப்ரியின் பக்கமே செல்லவில்லை.

எங்களை மீண்டும் அங்கு அழைத்துச் சென்றவர், எவரும் எதிர்பாராத வகையில், தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த ஆச்சி. 2013-ஆம் ஆண்டு தை மாதம். நல்ல பனி விழுந்திருந்த வேளை. எழுபத்தாறு வயதில் முதன்முறை பனியைக் காணும் அவரை, இரண்டு போர்வையும் ஒரு குல்லாயுமாகப் பொதிந்து குஃப்ரிக்குக் கொண்டு சென்றோம். சரிவின் அடியில் ஒரு மரப்பலகையில் அமர்த்தினோம். நெடுநேரம் பேசவில்லை. குளிர் தாங்கவில்லையோ என்று அஞ்சினோம். பிறகு மூத்தவளைப் பார்த்து, “ஏட்டி, இம்புட்டு உப்பையும் யாரு வாருவா?” என்று கேட்டார்.

ஆச்சியின் இளமை உப்பளத்தில் கழிந்தது. பாத்தியில் கால் கூசும் வெயிலில், கண்ணைப் பறிக்கும் வெள்ளையில், உப்பு வாரியவர் அவர். அவ்வெள்ளையை அவர் ஒருநாளும் அழகென்று கண்டதில்லை. “இது வாருற உப்பு இல்லை ஆச்சி, வழுக்குற உப்பு” என்று மூத்தவள் விடையிறுத்தாள். “அப்ப வழுக்கிக் காட்டு” என்றார் ஆச்சி. எங்கள் முகத்தை அவள் பார்த்தாள். நாங்கள் பேசாதிருந்தோம். பாயிஜியிடம் பலகைகளை வாங்கி, பூட்டைச் சரிசெய்துகொண்டு, அவள் மேலேறிச் சென்றாள். ஏறும் அப்பதினைந்து நிமிடமும் ஆச்சி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கி வந்து, பலகைகளைப் பக்கவாட்டில் திருப்பி, ஆச்சியின் காலடிக்கு மூன்று முழம் முன்னால் பனியை வாரியிறைத்து நின்றாள். ஆச்சி தம் குல்லாயில் தெறித்த பனியை நாவால் தொட்டுப் பார்த்துவிட்டு, “கரிக்கலையே” என்றார். அன்று மாலை வீடு திரும்புகையில், “அந்தச் சின்னவனுக்கும் சொல்லிக் குடுங்க, இங்கன பொறந்தவன் இங்கன விழுந்து எந்திரிக்கத் தெரியாம இருக்கலாமா?” என்றும் கூறினார். ஊரின் கேள்விக்கு ஊரிலிருந்தே விடை வந்தது. அதன்பின் எவரும் எங்களைக் கேட்கவில்லை.

பெரிய மலைகளை நாங்கள் காணாமல் இல்லை. ஒருமுறை காசுமீரத்துக் குல்மர்க்கிற்கும் சென்றோம். அங்குக் கம்பிவடத் தொட்டிகளின் முதற் பகுதி 1998-இலும், இரண்டாம் பகுதி 2005-இலும் இயங்கத் தொடங்கின. இரண்டாவது, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்திற்கு மனிதனை ஏற்றிவிடுகிறது. ஏறும் உழைப்பில்லை, இறங்கும் இன்பம் நெடிது. ஆயினும் ஒருவார விருந்தாளிகளாகவே அங்கு இருந்தோம். விளையாட்டு வேரூன்றுவது வீட்டருகே உள்ள சரிவில்தான் என்று தோன்றுகிறது. 2018 சனவரியில் துருக்கி நாட்டு எர்சுரூமில் நடந்த போட்டியில் வெண்கலம் வென்று, பனிச்சறுக்கில் இந்தியாவின் முதல் பன்னாட்டுப் பதக்கத்தைக் கொணர்ந்த ஆஞ்சல் தாக்கூர், மணாலிக்கு அடுத்த புருவா என்னும் சிற்றூரினர்; சோலாங்குச் சரிவு அவர் வீட்டுக்கு அண்மையது. 2022-இல் பீஜிங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்று, பெருவளைவுச் சறுக்கில் 45-ஆம் இடம் பெற்ற ஆரிஃப் கான், குல்மர்க்கின் அடிவாரத்தவர். அவர் தந்தையார் அங்கே ஸ்கீக் கடை வைத்திருந்தவர். இவர்கள் பள்ளி விட்டதும் சறுக்கச் சென்றவர்கள். விமானம் ஏறிச் சென்றவர்கள் அல்லர்.

எங்கள் பிள்ளைகள் வீரராகப் போவதில்லை. அதைப் பற்றிக் கவலையுமில்லை. கவலை வேறொன்று. வீட்டருகே இருந்த சரிவு ஆண்டுக்காண்டு வீட்டைவிட்டு விலகிச் செல்கிறது.

இளையவன் கற்கத் தொடங்கிய நாளில் குஃப்ரியில் பனி மெலிந்துவிட்டது. மார்கழியில் விழவேண்டியது தையில் விழுந்தது. விழுந்ததும் நான்கைந்து நாளில் கரைந்தது. எஞ்சிய சிறிதையும், பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளின் குளம்புகள் சேறாக்கின. குதிரைக்காரரைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. பனி வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் அடுப்பு எரியவேண்டும் அன்றோ? பலகைகளின் அடியில் கல் உராயும் ஓசையை இரண்டு ஆண்டு கேட்டபின், பாயிஜி எங்களைத் தம் ஊர்ப்பக்கம் வரச்சொன்னார்.

நார்கண்டா, சிம்லாவிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பழைய இந்துசுத்தான்–திபெத்துச் சாலையில், குஃப்ரி, ஃபாகு, தியோக், மத்தியானா எனக் கடந்து செல்லவேண்டும். உயரம் ஏறத்தாழ 2,700 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிடச் சிறிதே மிகுதி. மேலே ஹாட்டு முகடு 3,400 மீட்டர். அங்கே ஹாட்டு அம்மன் கோயில். இரண்டு மணி நேரத்திற்குமேற் பிடிக்கும் பயணம். பனி விழுந்த மறுநாள் ஃபாகுவிலேயே பேருந்து நின்றுவிடுவதும் உண்டு. நிழல்விழும் வளைவுகளில் தார்ச்சாலைமேல் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப்பனி படிந்திருக்கும். பதினாறு கிலோமீட்டர் அறுபதான போது, பள்ளி முடிந்து சென்று மாலையில் திரும்பும் விளையாட்டு, விடுமுறையில் மட்டும் செல்லும் விளையாட்டாகச் சுருங்கியது. ஆயினும் சரிவு நன்று. மணாலி மலையேற்ற நிறுவனத்தின் சறுக்குப் பயிற்சி மையமும் அங்குண்டு; தொடக்க வகுப்பில் இளையவனைச் சேர்த்தோம்.

நார்கண்டாவிற்குக் கீழேதான் கோட்கட், தானேதார் என்னும் ஆப்பிள் ஊர்கள். அமெரிக்காவிலிருந்து 1904-இல் இந்தியா வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916 அளவில் இங்குச் செவ்வாப்பிள் கன்றுகளை நட்டார். பின்னாளில் சத்தியானந்தர் எனப் பெயர் பூண்டு இம்மண்ணிலேயே மறைந்தார். வேற்றூரிலிருந்து வந்தவர் நட்டது இன்று இம்மலையின் வாழ்வாகிவிட்டது. அம்மரத்திற்கு ஓர் இயல்பு உண்டு. குளிர்காலத்தில் ஆயிரம் மணி நேரத்திற்கு மேல் நல்ல குளிரில் உறங்கினால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். அன்றியும் பனி மெல்ல உருகி வேருக்கு ஈரம் ஊட்டுகிறது; மழைபோல் ஓடி மறைவதில்லை. இங்குள்ள உழவர் பனியை ‘வெள்ளை உரம்’ என்கின்றனர். பாயிஜிக்குக் குளிர்காலத்தில் பனி கூலி தருகிறது. ஆவணியில் அதே பனி பழமாகிறது. பனி பொய்த்தால் அவர் இல்லத்தில் இரு வருவாயும் ஒருங்கே குன்றும். நாங்கள் இழப்பது ஒரு விளையாட்டு மட்டுமே.

2024 சனவரியை எங்களால் மறக்க இயலாது. மாதம் முழுவதும் வானம் நீலமாய், நம் ஊர்ப் பங்குனி போலப் பளிச்சென்று இருந்தது. ஹிமாசலம் கண்ட மிக வறண்ட சனவரிகளுள் ஒன்று அது. குல்மர்க்கிலும் புல்தரை தெரிந்தது. பதினைந்து வயது இளையவன் பலகைகளுக்கு மெழுகு தடவி, சுவரில் சாய்த்து வைத்து, நாள்தோறும் வானொலி கேட்கும் கிழவரைப் போல வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விடுமுறையோ கரைந்துகொண்டிருந்தது. பொங்கல் வந்தது, பாலும் பொங்கிற்று, நெய்கூட உறையவில்லை. பாயிஜியைத் தொலைபேசியில் அழைத்தோம். தோட்டத்தில் மரங்களுக்குக் கிளை கழித்துக்கொண்டிருப்பதாகவும், மண்வெட்டியால் தோண்டினால் தூசி பறப்பதாகவும் கூறினார். சறுக்கைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சனவரி முடிந்து பிப்ரவரி பிறக்கும் வேளையில் மேற்கிலிருந்து முகில் வந்தது. பனி விழும் இரவை ஓசையால் அறியலாம். ஓசை இல்லாமையால் என்று சொல்வதே பொருந்தும். நாய் குரைப்பும் வண்டி இரைச்சலும் பஞ்சில் பொதிந்தாற்போல் அடங்கிவிடும். இளையவன்தான் முதலில் உணர்ந்தான். விளக்கைப் போடாமல் எங்களை எழுப்பினான். சாளரத்திற்கு வெளியே தேவதாருக் கிளைகள் ஏற்கெனவே தாழ்ந்திருந்தன.

சாலை திறந்த பின்னரே நார்கண்டா சென்றோம். பாயிஜி சரிவில் இல்லை. தம் தோட்டத்தில், மரத்தைச் சுற்றிப் பனியைக் காலால் மிதித்து அணைத்துக்கொண்டிருந்தார். இளையவன் பலகைகளைக் கீழே வைத்துவிட்டு அவரோடு சேர்ந்து மிதிக்கலானான். நாங்களும் சேர்ந்தோம். நாற்பது மரத்திற்கு மேல் முடித்து, அவர் வீட்டில் ராஜ்மாவும் சோறும் உண்டு, பிற்பகலில்தான் சரிவிற்குச் சென்றோம். மூன்றே தடவை ஏறி இறங்க நேரம் இருந்தது. மூன்றாம் தடவை கீழே வந்தபோது நிழல் விழுந்து பனி அப்பள ஓடு கட்டத் தொடங்கியிருந்தது.

மூத்தவள் இப்பொழுது சென்னையில் பணியாற்றுகிறாள். தை பிறந்தால் அவளும் தொலைபேசியில் அழைக்கிறாள். பால் பொங்கிற்றா என்று கேட்பதில்லை. நார்கண்டாவில் எத்தனை அங்குலம் என்பதே முதற் கேள்வி. தம்பி மரத்தாலான பள்ளி அளவுகோலை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடி, ‘அக்கா, இங்கே இரண்டரை; அங்கே பாயிஜியைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்கிறான்.